சந்தைக்குப் போன உயர்வு நவிற்சி

தின்னேப்பள்ளி பள்ளிக்கூடத்து லாக் புக்கில் இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போன நாலு வரியைக் கிருபாராணி டீச்சர் அந்த ஒரு வருஷத்தில் எத்தனை தடவை படித்திருப்பாள் என்று சொல்ல முடியாது. மனப்பாடமே ஆகிவிட்டது. 'எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அணி இலக்கணத்தைத் தங்குதடையின்றி ஒப்பிக்கிறார்கள். ஒரு வாக்கியத்தைச் சொல்லி இதில் என்ன அணி என்று கேட்டால் விழிக்கிறார்கள். புரியாமல் ஒப்பிப்பது படிப்பாகாது. வரும் ஆண்டும் இதே நிலை என்றால் இவ்வகுப்புக்கு அங்கீகாரம் தொடராது.' எல்லாம் சிவப்பு மை. கீழே கோழி கிளறினமாதிரி ஒரு கையெழுத்து.

கணக்கில் கேட்டிருக்கலாம், பூகோளத்தில் கேட்டிருக்கலாம். பத்தொன்பது பிள்ளைகளும் பொளந்து கட்டியிருப்பார்கள். அந்த மனிதருக்கு அணிதான் அகப்பட்டது. அது டீச்சரின் தலையெழுத்து.

எட்டாம் வகுப்பு போய்விட்டால் பையன்கள் பாடு பெரிதில்லை. பேரிகைக்கு ஐந்து மைல் நடந்து போய்ப் படித்துக்கொள்வார்கள். பெண்பிள்ளைகள் ஆறு பேர் இருந்தார்களே, அவர்கள் கதைதான் அன்றோடு முடிந்துவிடும். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அனுப்பிய வீடுகள் அவை. ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று நடை, நாலு நடை நடந்து, மோர் குடித்து, வாதாடி, சண்டை போட்டு அந்த ஆறு பேரையும் கொண்டுவந்து உட்காரவைத்தவள் கிருபாராணி. அதிலும் சென்னம்மா என்கிற பெண் எட்டாவது பாஸ் பண்ணிவிட்டு டீச்சர் டிரெயினிங் போகப்போவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவளுடைய அப்பா ராமப்பன், ஏழாவதோடு நிறுத்திவிடலாம் என்று வண்டி மாடு மேய்க்க அவளைக் கூட்டிவரச் சொல்லி இரண்டு தடவை பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பியவர்.

கிருபாராணிக்கு ஊத்தங்கரைப் பக்கம் சொந்த ஊர். முப்பத்தெட்டு வயது. நல்ல உயரம், கையில் எப்போதும் கறுப்புக் குடை. கோபம் மூக்கு நுனியில் இருக்கும், ஐந்து நிமிஷத்துக்கு மேல் தங்காது. அந்த ஐந்து நிமிஷத்தில் மாட்டிக்கொள்பவன் பாவம்.

வருஷம் பூராவும் அவள் புத்தகத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினாள். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு, கால்வாசிக்குக் கன்னடம். தமிழ் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்துக்கென்று மடித்து வைத்திருக்கும் சட்டை. 'மதிமுகம்' என்றால் கோரஸாக "உருவகம்" என்பார்கள். 'மலர் போன்ற கை' என்றால் "உவமை". சரி, தேறிவிட்டார்கள் என்று நம்பி, "என் தம்பி கோபம் வந்தா நெருப்பு. இது என்ன?" என்று கேட்டால் பத்தொன்பது பேரும் கூரையைப் பார்ப்பார்கள். எல்லப்பன் என்கிற பையன் மட்டும் மரியாதையாக எழுந்து, "இது புத்தகத்துல இல்லீங்களே டீச்சர்" என்பான். குடை மேசைமேல் பட்டென்று விழும்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் பொட்டலில் வியாழக்கிழமைதோறும் மாட்டுச் சந்தை. மைசூர்ச் சீமையிலிருந்து மாலூர், ஆனேக்கல்காரர்கள் எல்லாம் அள்ளிக்கார் ஜாதிக் காளை தேடி அங்கே வருவார்கள். அன்றைக்கு மட்டும் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டுப் பாடம் நடத்துவது கிருபாராணியின் வழக்கம். ஜனவரி மாதத்து வியாழன் ஒன்றில் ஜன்னல் கீல் உடைந்து கதவு கையோடு வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் வர ஆறு வாரம்தான் பாக்கி. சந்தைச் சத்தம் முழுக்க வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதிலும் ஒரு குரல் மற்றதையெல்லாம் அமுக்கிக்கொண்டு வந்தது. திம்மப்பன். மாட்டுத் தரகன். முப்பத்தைந்து வயசிருக்கும், முறுக்கின மீசை, தலையில் ரோஸ் நிறத் துண்டு. மூன்று பாஷையும் பேசுவான், மூன்றிலும் மூச்சு விடமாட்டான்.

"இது மாடு இல்லீங்க! இதை மாடுன்னு சொன்னவன் கண்ணைக் கழுவிக்கிட்டு வரணும். கொம்பு வெச்ச ரயில் எஞ்சினுங்க இது!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. குடையை ஓங்கிக்கொண்டு திரும்பிய கிருபாராணி பாதியிலேயே நின்றாள். மாடு இல்லை என்று முதலில் மறுக்கிறான். மறுத்துவிட்டு அதே இடத்தில் எஞ்சினை ஏற்றுகிறான். ஒழிப்பணி! டிரெயினிங்கில் அந்த அணிக்கு ஓர் உதாரணம் சொல்ல முடியாமல் வகுப்பு நடுவில் நின்று அழுதவள் அவள். இங்கே ஒருவன் மாட்டு வாலைப் பிடித்துக்கொண்டு அநாயாசமாகப் போட்டுத் தள்ளுகிறான்.

"ரெண்டு வாரமா மழை ஏன் வரலைன்னு நெனைக்கிறீங்க? என் காளை நிக்கற எடம் சேறாயிடக் கூடாதுன்னு வானமே ஒதுங்கி நிக்குது சாமி!"

தற்குறிப்பேற்றம். மழை பெய்யாதது இயற்கை. அதற்குத் தன் இஷ்டத்துக்கு ஒரு காரணத்தை ஏற்றிவிட்டான். கிருபாராணிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் பொறாமையும் வந்தது.

"சிரிச்சீங்களே, எதுக்குச் சிரிச்சீங்க?" என்று கேட்டாள்.

"மாட்டைப் போயி எஞ்சின்னு சொல்றாரு டீச்சர்!"

"மாட்டுக்கும் எஞ்சினுக்கும் என்ன ஒத்துமை?"

"இழுக்கறது டீச்சர்!" பத்தொன்பது குரல். புத்தகத்தை ஒருவரும் புரட்டவில்லை.

அன்றிலிருந்து வியாழக்கிழமைத் தமிழ்ப் பாடம் ஜன்னலோரம் நடந்தது. அடுத்த வாரம் அவள் இன்னும் ஒரு படி மேலே போனாள். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, கையில் நோட்டுக் கொடுத்துச் சந்தைக்குள்ளேயே அனுப்பினாள். காதில் விழுவதை இடது பக்கம் எழுத வேண்டும், என்ன அணி என்பதை வலது பக்கம். தெலுங்கிலோ கன்னடத்திலோ சொன்னால் தமிழாக்கி எழுத வேண்டும். மத்தியானத்துக்குள் நோட்டுகள் நிரம்பிவிட்டன. 'கல்யாண மாப்பிள்ளை கணக்கா நடக்குது: உவமை.' 'இதன் முதுகு மெத்தை: உருவகம்.' டீக்கடை பாப்பம்மா யாரையோ வைதபோது 'என் நாக்கு அரளி விதை' என்றாளாம். சென்னம்மா அதையும் விடவில்லை, உருவகம் என்று போட்டு இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

வியாதி வீடுகளுக்கும் பரவியது. "ஆயிரம் தடவை சொல்லிட்டேன், தண்ணி எடுத்து வையின்னு" என்று அம்மா கத்தியபோது எல்லப்பன், "உயர்வு நவிற்சி" என்று பதில் சொல்லி முதுகில் வாங்கிக்கட்டிக்கொண்டான். மறுநாள் அதையும் பெருமையாக வகுப்பில் சொன்னான். கிருபாராணிக்கு அந்த மாதம் போல ஒரு சந்தோஷமான மாதம் வாழ்க்கையில் வாய்த்ததில்லை.

சந்தோஷத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தாள். மணி அடிக்கிற நேரம். உயர்வு நவிற்சி என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று பின்வரிசையில் ஒரு பையன் கேட்டான். இருப்பதை இருப்பதற்கு மேலே ஏற்றி, கேட்பவர் ரசிக்கும்படி சொல்வது என்று நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும். "அழகான பொய். அவ்வளவுதான், ஓடு" என்றுவிட்டாள்.

அடுத்த வியாழன் மானேஜர் ராஜப்பனின் ஜோடிக் காளைகள் சந்தைக்கு வந்தன. பள்ளிக்கூடம் அவருடையது. நிலமும் நீச்சும் உள்ளவர், அப்பா பேரில் கட்டிய பள்ளிக்கூடத்தைக் கௌரவமாக நடத்திக்கொண்டிருந்தார். காளைகளைப் பார்க்க மாலூரிலிருந்து கங்கப்பன் என்கிற பெரிய குடியானவர் வந்திருந்தார். திம்மப்பன் மீசையைத் தடவிக்கொண்டு ஆரம்பித்தான். பக்கத்திலேயே நோட்டும் கையுமாகச் சென்னம்மாவும் எல்லப்பனும்.

"இது ஒரு மூச்சு விட்டா ஏரு தானா நகரும்!"

"உயர்வு நவிற்சி" என்று சென்னம்மா சத்தமாகச் சொல்லி எழுதினாள்.

"இது மிதிச்ச எடத்துல ராகி ஆள் உசரம் வெளையும்!"

"உயர்வு நவிற்சி" என்றான் எல்லப்பன்.

கங்கப்பன் திரும்பிக் கன்னடம் கலந்து கேட்டார். "ஏனம்மா மகூ, அவன் பேசப் பேச நீங்க என்ன சொல்றீங்க?"

"உயர்வு நவிற்சிங்க" என்றாள் சென்னம்மா.

"அப்படின்னா?"

"பொய்ங்க. அழகான பொய்னு எங்க டீச்சர் சொன்னாங்க."

 திம்மப்பன் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டான். காளையின் முதுகில் உள்ளங்கையை வைத்து, இதுவரை இல்லாத அமைதியான குரலில், "ஆறு பல்லு. சுழி சுத்தம். நோய் நொடி இல்ல" என்றான்.

எல்லப்பனுக்கு உற்சாகம் அடங்கவில்லை. "இதுவும் உயர்வு நவிற்சிதானே?" என்று கேட்டான். கங்கப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை முதல் பீரியடிலேயே ராஜப்பன் வந்துவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் மாடு என்று வந்துவிட்டால் அவருக்குப் பெற்ற பிள்ளைகள் இரண்டாம் பட்சம்.

"டீச்சரம்மா, என் வீட்டு மாட்டை இதுவரைக்கும் எவனும் ஒரு கொறை சொன்னதில்ல. உங்க பிள்ளைங்க நடுச் சந்தையில வெச்சுப் பொய்யின்னு சொல்லிட்டாங்க!"

"மாட்டைச் சொல்லலீங்க. தரகர் பேச்சைத்தான்..."

"பேச்சும் மாடும் வேற வேறயா? இந்த எட்டாவது இருக்கறதாலதானே இந்த அணியும் பிணியும்? நான் ஏழோட போதும்னு அப்பவே சொன்னேன். இன்ஸ்பெக்டரு வர்ற திங்கக்கிழமைக்கு அடுத்த திங்கக்கிழமை வாராரு. எட்டாவது வேணாம்னு எழுதினாருன்னா, நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசமாட்டேன். வரவேற்புப் பத்திரமும் நீங்க எழுத வேணாம், நானே பாத்துக்கறேன். பிள்ளைங்க ஒண்ணுகூடச் சந்தையில காலு வெக்கக் கூடாது."

அவர் போன பிறகு கிருபாராணி நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் வரவில்லை. வந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் போயிருக்கும். வந்தது பயம். முதல் பெஞ்சில் ஆறு பெண்களும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சென்னம்மா மட்டும் அழுதுகொண்டிருந்தாள். "நீங்க சொன்னதைத்தானே டீச்சர் சொன்னேன்" என்றாள். டீச்சர் கரும்பலகையைத் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

அடுத்த வியாழன் ஜன்னல் வழியே சந்தை கேட்டது, திம்மப்பன் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தாள். புளியமரத்தடியில் ஒரு கல்லின்மேல் சும்மா உட்கார்ந்திருந்தான். யாராவது மாட்டைக் காட்டினால், "பாருங்க, பிடிச்சா பிடியுங்க" என்றான். அவ்வளவுதான் பேச்சு. சந்தையே சப்பென்றிருந்தது. வாங்க வந்தவர்களுக்குக்கூடக் கைகால் ஓடவில்லை. சும்மா விலை மட்டும் கேட்டு மாடு வாங்குவதில் என்ன ருசி இருக்கிறது?

மத்தியானம் குடையைப் பிடித்துக்கொண்டு கிருபாராணி புளியமரத்துக்குப் போனாள். அவன் எழுந்து நின்றான், முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டான்.

"ஏன் பேசமாட்டேங்கறீங்க?"

"நான் பேசறது பொய்யாமே. பதினேழு வருசமா இந்தப் பொட்டலில நிக்கறேன் டீச்சரம்மா. ஒரு மாட்டுக்குப் பல்லு எத்தனைன்னு மாத்தி வயசைக் கொறைச்சுச் சொன்னதில்ல. கெட்ட சுழிய மறைச்சதில்ல. முட்டற மாட்டை முட்டாதுன்னதில்ல. ஏரு தானா நகரும்னு சொன்னேன், ஆமா. அதைக் கேட்டு எவனாவது ஏரைக் கட்டாம நெலத்துக்குப் போனானா?"

"இல்லை."

"துண்டு தலையில இருக்கறவரைக்கும் என் வாய்க்குக் கேள்வி கெடையாது. என்ன வேணா வரும். துண்டை எடுத்துத் தோள்ல போட்டு மாட்டு மேல கையை வெச்சேன்னா, அப்புறம் வர்றது ஒவ்வொண்ணும் சத்தியம். இங்க இருக்கற அத்தனை தரகனுக்கும் இதுதான் மொறை. வாங்கறவனுக்கும் தெரியும். கங்கப்பனுக்குத் தெரியாதா? நான் கை வெச்சுச் சொன்னதையே உங்க பையன் கூட்டத்துல கேள்வி கேட்டான் பாருங்க, அங்கதான் மானம் போச்சு."

பதினொரு வருஷம் அதே ஜன்னலுக்குப் பக்கத்தில் பாடம் நடத்தியவளுக்கு இது தெரியாது. கதவைச் சாத்திவைத்திருந்தால் எப்படித் தெரியும்? கிருபாராணி மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள். அன்றைக்குக் கேட்டாள்.

"தப்பு பிள்ளைங்களோடது இல்லை, என்னோடது. அவசரத்துல பொய்னு சொல்லிக் கொடுத்துட்டேன். உங்களைப் பொய்யர்னு சொன்னதுக்குச் சமமாயிடுச்சு. மன்னிச்சுக்கங்க."

திம்மப்பன் அரண்டுவிட்டான். டீச்சர் ஒருத்தி தன்னிடம் மன்னிப்புக் கேட்பாள் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. "அய்யய்யோ, விடுங்க, விடுங்க" என்று மீசையைத் தடவினான்.

"விடறதா? சனிக்கிழமை எட்டாம் வகுப்பைக் கூட்டிக்கிட்டு வரேன். அன்னைக்குச் சந்தை இல்லையே, மானேஜர் சொன்னதை மீறினதும் ஆகாது. ஒரு மாட்டைக் கட்டி வையுங்க. நீங்க சொன்னதை அவங்களுக்குக் காட்டணும்."

"நான் ரெண்டாவதுகூட முடிக்கலீங்க டீச்சரம்மா!"

"மாடு முடிச்சிருக்குதா? அதுவும் வரட்டும்" என்றாள் கிருபாராணி.

சனிக்கிழமை திம்மப்பன் ஒரு மணி நேரம் மழையாகப் பொழிந்தான். துண்டு தலையில் ஏறும்போது பிள்ளைகள் உருவகம், உவமை என்று கூவினார்கள். துண்டு தோளுக்கு வந்ததும் கப்சிப். எல்லப்பன் போய்க் காளையின் வாயைப் பிளந்து, தன் விரலால் ஆறு பல்லையும் தொட்டு எண்ணி, "மன்னிச்சிருங்க அண்ணா" என்றான். எல்லாம் முடிந்து கிளம்பும்போது சென்னம்மா ஒரு கேள்வி கேட்டாள்.

"டீச்சர், இங்க துண்டு இருக்குது, தெரியுது. புத்தகத்துல துண்டு இல்லையே. பொய்யையும் அணியையும் எப்படிப் பிரிக்கறது?"

கிருபாராணி யோசித்துப் பார்த்தாள். வாயில் வந்த பதில் எதுவும் சரியாக இல்லை. இன்னொரு தடவை அவசரப்பட அவளுக்குத் தைரியமும் இல்லை. "எனக்குத் தெரியலை. நீயும் யோசி, நானும் யோசிக்கறேன்" என்றாள்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடி, சட்டைப் பையில் அதே சிவப்புப் பேனா. எட்டாம் வகுப்பில் நாற்காலி போட்டு, மாலை போட்டு, ராஜப்பன் வரவேற்புப் பத்திரத்தைக் கையில் எடுத்தார். டீச்சர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கும் எழுத வராது. யாரிடம் எழுதி வாங்கினாரோ என்று கிருபாராணிக்குக் கவலையாக இருந்தது.

"கல்விக் கடலே!" என்று ராஜப்பன் தொடங்கினார். "தாங்கள் வருவதை அறிந்துதான் நேற்று மாலை மழை வந்து எங்கள் பாதையைக் கழுவி வைத்தது. தாங்கள் காலடி வைத்ததும் எங்கள் ஊர் ஓர் அடி உயர்ந்துவிட்டது."

 இந்தச் சரக்கு எந்தக் கடையுடையது என்பதில் கிருபாராணிக்குச் சந்தேகமே இல்லை. வேலிக்கு வெளியே திம்மப்பனின் ரோஸ் துண்டு தெரிந்தது; அவன் சொல்லச் சொல்ல யாரோ எழுதியிருக்கிறார்கள்.

"தங்களிடம் ஒரே ஒரு கெட்ட குணம் உண்டு. வேலை முடிந்த பிறகும் நிற்கமாட்டீர்கள்; இழுத்துப் பிடித்தாலும் அடங்கமாட்டீர்கள்."

பத்தொன்பது பிள்ளைகளும் வெடித்துச் சிரித்தார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் சந்தையில் ஒரு வெள்ளைக் காளையைப் பற்றித் திம்மப்பன் சொன்னது அட்சரம் பிசகாமல் இதேதான். ஒவ்வொரு நோட்டிலும் இருந்தது.  இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எதுக்குச் சிரிச்சீங்க?"

 கிருபாராணி ஜெபம் பண்ண ஆரம்பித்தாள். சென்னம்மா எழுந்து நின்றாள்.

"வஞ்சப்புகழ்ச்சி அணிங்க ஐயா. பழிக்கற மாதிரி புகழறது. ரொம்ப நல்லா வந்திருந்துச்சு, அதான் சிரிப்பு வந்துடுச்சு."

காளையை அவள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். புத்திசாலிப் பெண்.

"ஓஹோ. வேற ஏதாவது இருக்கா இதுல?"

"கல்விக் கடல், உருவகம்!" என்றான் எல்லப்பன். "மழை வந்து பாதையைக் கழுவுச்சு, தற்குறிப்பேற்றம். மழை தானா பெஞ்சுது, அதுக்கு ஒரு காரணத்தை இவங்களா ஏத்திட்டாங்க" என்றாள் பின்னால் இருந்த பெண். "ஊர் ஓர் அடி உயர்ந்துச்சு, உயர்வு நவிற்சி!" என்று மூன்று பேர் சேர்ந்து கத்தினார்கள். இன்ஸ்பெக்டர் பத்திரத்தைத் தானே வாங்கி ஒரு தடவை படித்துப் பார்த்தார். இவர்களுக்கு இதை முன்கூட்டியே யாரும் படித்துக் காட்டியிருக்க முடியாது என்பது, வியர்த்துக் கொட்டிக்கொண்டு நின்ற மானேஜரைப் பார்த்தாலே தெரிந்தது.

அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. சென்னம்மாவைப் பார்த்தார்.

"ஊர் ஓர் அடி உயரலை. அப்ப உங்க மானேஜர் என்கிட்டப் பொய்தானே சொல்லியிருக்கார்?"

ஆமாம் என்றால் மானேஜர் தொலைந்தார். இல்லை என்றால் ஏன் என்று அடுத்த கேள்வி வரும். பதில் டீச்சருக்கே தெரியாது. குடைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிருபாராணி நின்றாள்.  சென்னம்மா நிமிர்ந்தாள்.

"இல்லீங்க ஐயா. பொய் சொல்றவங்க நாம நம்பணும்னு சொல்லுவாங்க. ஊர் ஓர் அடி உயர்ந்துச்சுன்னு நீங்க நம்புவீங்கன்னு எங்க மானேஜர் நெனைக்கவே இல்ல. நீங்களும் நம்பல. ரெண்டு பேருக்கும் தெரியும். தெரிஞ்சும் உங்களுக்குச் சந்தோசமா இருந்துச்சுல்ல? அதுதான் அணி. பல்லு எத்தனைன்னு மாத்திச் சொன்னாத்தான் பொய்."

"பல்லா?"

"மாட்டுப் பல்லுங்க ஐயா" என்றான் எல்லப்பன் உதவியாக.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். ஒல்லியான உடம்புக்குள்ளிருந்து அவ்வளவு பெரிய சிரிப்பு வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "இதை எழுதின புலவர் யாருங்க? இப்படி ஒரு பத்திரத்தை எனக்கு எவனும் வாசிச்சதில்லை" என்று ராஜப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ராஜப்பன் வேலிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "எல்லாம் நம்ம ஊர்ச் சரக்குதாங்க" என்றார். அன்று முழுக்க அவர் கால் தரையில் படவில்லை. "டீச்சரம்மா, எட்டாவது நம்ம ஊருக்கு ஒரு கௌரவமாச்சே" என்று கிருபாராணியிடமே வந்து சொன்னார். ஏதோ அவள்தான் வேண்டாம் என்று சொன்னமாதிரி.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் பஸ் ஏறிப் போனதும் லாக் புக் மேசைமேல் மூடிக் கிடந்தது. அதைத் திறக்க அவளுக்குக் கை வரவில்லை. சிரித்தார் சரி, என்ன எழுதினார்? எதிரே ஆறு பெண்களும் வீட்டுக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் திறந்தாள். முழுப் பக்கமும் காலியாக இருந்தது. உச்சியில் ஒரே ஒரு வரி, சிவப்பு மையில்.

'எட்டாம் வகுப்பு தொடர்கிறது.'

அடுத்த வருஷமும் உண்டு என்று அர்த்தம். சென்னம்மா பரீட்சை எழுதலாம், டிரெயினிங் போகலாம், யாரும் மாடு மேய்க்கக் கூப்பிட முடியாது. கிருபாராணி அந்த வரியை இரண்டாவது தடவை படிக்கும்போது எழுத்து கலங்கியது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னா டீச்சர், அழுவறீங்க? மோசமா எழுதிட்டாரா?"

"இல்லடி. நல்லாத்தான் எழுதியிருக்கார். இவ்வளவு அணியைக் கேட்டுட்டுப் போனவர், ஒரு அணிகூட இல்லாம மூணே வார்த்தை எழுதியிருக்கார். இதைவிட அழகா நான் எதையும் படிச்சதில்லை."

சென்னம்மா மேசைமேல் சாய்ந்து அந்த வரியை விரல் வைத்துப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். நோட்டை எடுத்து இடது பக்கம் எழுதிக்கொண்டாள்.

"அணி இருக்குது டீச்சர்" என்றாள். "உள்ளதை உள்ளபடி சொல்றது. இயல்பு நவிற்சி."

கண்டிப்பான பரீட்சையில் அந்தப் பதிலுக்கு மார்க் கிடைக்குமா என்பது சந்தேகம். கிருபாராணி அவள் கையிலிருந்த நோட்டை வாங்கி, வலது பக்கத்தில் பெரிதாக ஒரு சரி போட்டுக் கொடுத்தாள்.